1999-ஆம் ஆண்டு ரீமாஸ்டருக்கு முதலிடம் கிடைத்தது குறித்து

19 ஜனவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40
பதிவு 1: ஒலிச்சோதனையில் நேர்ந்த முறைகேடு

இன்று பிற்பகல் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்த ஒலிச்சோதனையின் முடிவை நான் ஏற்கவில்லை. ஏற்காததன் காரணங்களை நினைவு கலையுமுன் இங்கே பதிந்துவைக்கிறேன். பின்னொரு நாளில் பிறர் இதைப் படிக்க நேரலாம் என்பதால், எங்கள் மூவருக்கும் தெரிந்தவற்றையும் சொல்லியே தொடங்குகிறேன்.

திருச்சி கே.கே. நகரில் மூவர் கொண்ட இசைத்தட்டு வட்டம் எங்களுடையது. 1983-ஆம் ஆண்டு முதல் ஹெவி மெட்டல் இசையை மட்டுமே கேட்டு வருகிறோம். நான் மாசிலாமணி, மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து 2009-இல் ஓய்வு பெற்றவன். எட்வின் ஞானமுத்து, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். சிராஜுதீன், தில்லைநகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

இன்று சோதனைக்கு எடுத்துக்கொண்டது ‘காப்பர் ஹெர்ஸ்’ குழுவின் ‘செவன் ஃபர்னசஸ்’. இந்த ஒரே ஆல்பம் எங்களிடம் நான்கு வடிவங்களில் இருக்கிறது. 1980-இல் இங்கிலாந்தில் அச்சான முதல் இசைத்தட்டு, இது என்னுடையது. 1988-இல் வந்த முதல் சி.டி. பழைய ஒலிநாடாவை எடுத்து மறுபடியும் சீர்செய்து 1999-இல் வெளியிட்ட ரீமாஸ்டர். சென்ற ஆண்டு வந்த புதிய ரீமாஸ்டர்.

இவற்றுள் 1999-ஆம் ஆண்டு ரீமாஸ்டரைப் பற்றி என் கருத்து ஊரறிந்தது. மெல்லிய இடம், வல்லிய இடம் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி நிறுத்திய வேலை அது. ‘ஒலியைக் கொன்றவர்கள்’ என்ற தலைப்பில் 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதி, ஐம்பது படிகள் எடுத்து, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் வழங்கினேன்.

எங்கள் சோதனை முறையில் குறை காண இயலாது. அறையின் குறுக்கே போர்வை ஒன்றைக் கட்டிவிடுவோம். ஒருவர் அதன் பின்னால் அமர்ந்து, தாம் விரும்பிய வரிசையில் ஒரே பாட்டை நான்கு வடிவங்களிலும் ஒலிக்கச் செய்வார். அவர் பேசக் கூடாது, செருமக் கூடாது. உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று காது ஏமாறும் என்பதால், நான்கையும் ஒலி அளக்கும் மீட்டரை வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே சோதனை தொடங்கும். கேட்பவர்கள் சீட்டில் அ, ஆ, இ, ஈ என்று எழுதி, தரவரிசை இடுவார்கள். பாட்டின் நடுவிலிருந்து தொடங்குவதாலும், இவ்விசையின் இயல்பினாலும், இசைத்தட்டின் சலசலப்பு யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. இன்று போர்வைக்குப் பின்னால் அமரும் முறை எட்வினுடையது.

நான் ‘இ’-க்கு முதலிடம் கொடுத்தேன். ‘ஆ’-க்குக் கடைசி இடம். ‘ஆ’ கம்பளி போர்த்திக்கொண்டு பாடியது போல இருந்தது. 1988-ஆம் ஆண்டு சி.டி. என்று உறுதியாக நம்பினேன்.

போர்வை விலகியது. ‘இ’ என்பது 1999. ‘ஆ’ என்பது என் இசைத்தட்டு.

சிராஜுதீன் தொடையில் தட்டிச் சிரித்தார். “என்ன சிரஸ்தாரே, இருபத்தஞ்சு வருஷமா கொலைகாரன்னு சொன்னவனுக்கே மாலை போட்டுட்டீங்களே!”

“வரிசை மாறியிருக்கிறது,” என்றேன்.

“நான் ஒண்ணும் பண்ணலப்பா,” என்றார் எட்வின். “தட்டப் போட்டேன், எடுத்தேன். அவ்வளவுதான்.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ரெக்கார்ட் பிளேயரைப் பார்த்தார். நான் ஏதும் கேட்காத நிலையில் அவர் மறுத்தது ஏன் என்பதும் குறிக்கத்தக்கது. என் மனைவி தையல்நாயகி வாழைக்காய் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு, யாருக்கு இன்னொரு காபி வேண்டும் என்று கேளாமலேயே உள்ளே போனாள். இதுவும் வழக்கமன்று.

20 ஜனவரி 2025, திங்கட்கிழமை, காலை 10.15
பதிவு 2: தட்டு, மீட்டர் ஆகியவற்றின் ஆய்வு

இசைத்தட்டின் உட்புற ஓரத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துச் சரிபார்த்தேன். என்னுடையதே. யாரும் மாற்றவில்லை. மீட்டரையும் சோதித்தேன், பிழையில்லை. ஆகவே ஐயம் முழுவதும் போர்வைக்குப் பின்னால் இருந்தவர் மீதே விழுகிறது.

பிற்பகல் தட்டைத் தனியே கேட்டேன். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினேன். டிரம்ஸோடு ஒலிக்கும் உலோகச் சிம்பல்கள் கலீரென்று விழ வேண்டிய இடத்தில், ஈரத்துணியை உதறியது போல ஒரு ஓசை. தட்டு என்னுடையது, ஒலி என்னுடையதன்று. பொங்கல் வாரத்தில் உறவினர் வருகையால் பிளேயரை நான் தொடவில்லை. கடைசியாகக் கேட்டது 11-ஆம் தேதி, அன்று குறையில்லை.

தையல்நாயகியிடம் கேட்டேன்: “நான் இல்லாத நேரத்தில் இவ்வறைக்கு யாராவது வந்தார்களா?”

“யாரு வரப்போறா?” என்றாள்.

இது விடையன்று, இன்னொரு வினா. இப்படிச் சொல்லும் சாட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

23 ஜனவரி 2025, வியாழக்கிழமை, பகல் 12.05
பதிவு 3

எரிவாயு உருளை வந்தது, எடை சரி. எட்வின் இருமுறை அழைத்தார், நான் எடுக்கவில்லை.

26 ஜனவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.30
பதிவு 4: செவியில் விழுந்தது

தொலைக்காட்சியில் அணிவகுப்பு முடிந்து, வேட்டி காய்ந்ததா என்று பார்க்கக் கொல்லைப்புறம் சென்றேன். தையல்நாயகி துவைக்கும் கல்லருகே கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. வேட்டியின் மறுபுறம் நின்றிருந்தேன், அவ்வளவே.

“இல்லண்ணே, அவருக்கு இன்னும் தெரியாது... ஆமா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்காரு... நீங்க வாங்கிட்டு வாங்க. அவரு வெளிய போற நேரமா பாத்து உங்களுக்கு நானே சொல்றேன்.”

என்னைக் கண்டதும் கைபேசியை முந்தானைக்குள் வைத்துவிட்டு, “வேட்டி இன்னும் காயல,” என்றாள். வேட்டி காய்ந்திருந்தது.

பிறகு அவள் குளிக்கச் சென்ற வேளையில் கைபேசி மேசைமீது இருந்தது. கடைசி அழைப்பு: ‘எட்வின் அண்ணே’. அதற்கு முந்தியதும் அவரே. அதற்கும் முந்தியது 13-ஆம் தேதி, போகியன்று. அன்று காலை நான் காந்தி மார்க்கெட்டுக்குக் கரும்பு வாங்கப் போயிருந்தேன். நல்ல கரும்பாகப் பார்த்து எடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இதிலிருந்து எந்த அனுமானத்துக்கும் வர நான் விரும்பவில்லை. எட்வினுக்கு வயது எழுபத்தொன்று. மனைவியை இழந்தவர். தையல்நாயகிக்கு முழங்கால் வலி. அவர்கள் எனக்குத் தெரியாமல் செய்யக்கூடியது என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண எண்ண ஒன்றும் அகப்படவில்லை என்பதே ஐயத்தை வளர்த்தது. இட்லி இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

29 ஜனவரி 2025, புதன்கிழமை, பிற்பகல் 1.20
பதிவு 5: ஊசி

உண்மை கிடைத்துவிட்டது.

ரெக்கார்ட் பிளேயரின் ஊசியைக் கழற்றித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு சிராஜுதீனின் கடைக்குச் சென்றேன். தட்டின் பள்ளத்தில் ஓடி ஒலியை எடுப்பது இந்த ஊசிதான். நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவு வைரம். அதைப் பற்றியிருக்கும் சிறு பிளாஸ்டிக் பகுதியோடு சேர்த்துக் கழற்றி மாட்டலாம். 2019-இல் நானும் எட்வினும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே வகை வாங்கினோம். நான் அதன் பிறகு 2023-இல் புதியது மாற்றினேன். அவர் மாற்றவில்லை, நாள்தோறும் காலையில் தண்டால் எடுக்கும்போது பாட்டுக் கேட்கும் வழக்கம் அவருக்கு.

சிராஜுதீன் கண்ணாடி வில்லையைச் சோதிக்கும் பெரிய லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தார். “நுனி மழுங்கிப் போச்சு சிரஸ்தாரே. செருப்பு மாதிரித் தேஞ்சிருக்கு. இத வச்சா கேட்டீங்க?”

“பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.”

அவர் திருப்பினார். லென்ஸை இன்னும் தாழ்த்தினார். பிறகு, “சிவப்புப் பொட்டு,” என்றார்.

எட்வின் தம் பொருள் எல்லாவற்றிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். பள்ளி விளையாட்டு அறையில் பந்தும் மட்டையும் காணாமல் போனதால் ஏற்பட்ட பழக்கம். குடை, செருப்பு, டார்ச் லைட், எல்லாவற்றிலும் பொட்டு உண்டு. என் பிளேயரில் இருப்பது எட்வினின் தேய்ந்த ஊசி. அப்படியானால் என் நல்ல ஊசி எங்கே இருக்கும் என்பதை ஒரு குழந்தையும் சொல்லும்.

“நேரா அவன்கிட்டயே கேட்டுடுங்களேன்,” என்றார் சிராஜுதீன்.

“கேட்டால் சாட்சியம் கலைந்துவிடும்.”

“நாப்பத்திரண்டு வருஷப் பழக்கம்யா. அவன் என்ன அக்யூஸ்டா?”

நான் தீப்பெட்டியை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

2 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.10
பதிவு 6: விசாரணை

எட்வினையும் சிராஜுதீனையும் நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். மேசைமீது வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் ஊசியை வைத்திருந்தேன்.

“இது யாருடையது?”

எட்வின் குனிந்து பார்த்தார். அவருடைய கண் ஒருமுறை சமையலறைக் கதவின் பக்கம் போய்த் திரும்பியது. தையல்நாயகி அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

“என்னுதுதான்,” என்றார்.

“என் பிளேயருக்குள் எப்படி வந்தது?”

“நான்தான் மாட்டினேன்.”

“என்னுடையதை என்ன செய்தீர்கள்?”

“அது இப்ப இல்ல மாசிலா.”

“விற்றுவிட்டீர்களா?”

சிராஜுதீன் எழுந்துவிட்டார். “யோவ், என்ன பேச்சு இது?”

எட்வின் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; படவில்லை. “கொஞ்ச நாள் பொறுத்துக்க மாசிலா. எல்லாம் சரியாயிடும்,” என்றார். இதைக் காட்டிலும் ஐயத்துக்கிடமான விடையை நான் என் பணிக்காலத்திலும் கேட்டதில்லை. எழுதி வைத்திருந்த நீக்க அறிவிப்பை வாசித்தேன். 1983-இல் தொடங்கிய வட்டத்திலிருந்து எட்வின் ஞானமுத்து அவர்கள் இன்று முதல் நீக்கப்படுகிறார் என்பது அதன் சாரம். தேய்ந்த ஊசியைத் தந்து நல்ல ஊசியை எடுத்துச் சென்றமை, சோதனையின் முடிவைப் பிறழச் செய்தமை என இரண்டு காரணங்கள்.

அவர் தாளை வாங்கி நான்காக மடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “அந்த ஆ-வுக்கு நீ கடைசி இடம் போட்டது சரிதான். உன் காது சரியாத்தான் சொல்லிச்சு,” என்றார்.

சிராஜுதீன் விடைபெறாமல் போனார். தையல்நாயகி அடுக்களையில் எதையோ கீழே போட்டாள்.

3 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை, காலை 9.00
பதிவு 7

சிராஜுதீன் அழைத்தார். எட்வின் தம் பிளேயரை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாராம். தட்டுகளையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாராம். “போகியிலேர்ந்து அவன் வீட்ல பாட்டே கிடையாதாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு. உங்க ஊசிய எடுத்துட்டுப் போனவன் எதுக்குய்யா பாட்டு கேக்காம இருக்கான்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நியாயமான வினா.

5 பிப்ரவரி 2025, புதன்கிழமை, காலை 11.30
பதிவு 8: தையல்நாயகியின் வாக்குமூலம்

இன்று காலை காபியை வைத்துவிட்டு அவள் போகவில்லை, எதிரில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை இயன்றவரை அவள் சொற்களிலேயே எழுதுகிறேன்.

“போகிக்கு ஒட்டடை அடிச்சேனா, அந்தப் பெட்டி மேலயும் தூசு. தொடைச்சேன். துணி நூலு அந்த முள்ளுல மாட்டிக்கிச்சு. இழுத்தேன். கையோட வந்துருச்சு.”

“ஊசியா?”

“ஊசியோ முள்ளோ, அதுதான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எட்வின் அண்ணனுக்குப் போன் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல சைக்கிள்ல வந்தாரு. பாத்துட்டு, திரும்பிப் போயி அவரு வீட்டுல இருந்ததக் கழட்டிட்டு வந்து மாட்டினாரு. ‘பம்பாய்ல சொல்லி வரவழைக்கிறேன் தங்கச்சி, வந்ததும் மாத்திடலாம், அதுவரைக்கும் இது இருக்கட்டும்’னாரு. நீங்க கரும்போட வந்தப்ப அவரு பின்பக்கமாப் போயிட்டிருந்தாரு.”

“என்னிடமே சொல்லியிருக்கலாமே.”

அவள் என்னைப் பார்த்தாள். “சொன்னா நீங்க கத்துவீங்கன்னு பயமில்ல. கத்தினாக்கூடப் பரவாயில்ல. பேசாம இருப்பீங்க. முன்னொரு தடவ தட்டுல கீறல் விழுந்துச்சுன்னு எத்தன நாள் பேசாம இருந்தீங்க?”

“பதினொரு நாள்,” என்றேன். 2011, ஆகஸ்டு 3 முதல் 13 வரை.

“அதான். அன்னைக்கே உங்ககிட்ட உண்மையச் சொல்லிடலாம்னு அண்ணன்கிட்ட சொன்னேன். ‘வேண்டாம் தங்கச்சி, என் மேல கோபம்னா ஞாயித்துக்கிழமைதான் பாக்கணும். உன் மேல கோபம்னா மூணு வேளையும் பாக்கணும்’னு சொல்லிட்டாரு.”

காபி ஆறிவிட்டது. அதை அப்படியே குடித்தேன். பிறகு, இன்று சந்தையில் முருங்கைக்காய் கிடைக்குமா என்று கேட்டேன். நான் பேசிவிட்டேன் என்பதை அவள் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

எட்வினுக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

12 பிப்ரவரி 2025, புதன்கிழமை, பிற்பகல் 3.45
பதிவு 9: புதிய ஊசி வரவு

மும்பையிலிருந்து கூரியர். தையல்நாயகி பெயருக்கு, எட்வின் வரவழைத்தது. மாட்டினேன். சிம்பல்கள் கலீரென்று விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுவதும் கேட்டேன்.

இப்போது எல்லாம் விளங்குகிறது. தேய்ந்த ஊசியால் என் தட்டு தோற்றது; அதனால்தான் 1999 வென்றது. எட்வின் மீது குற்றமில்லை; என் கட்டுரையிலும் பிழையில்லை. ஞாயிறன்று மறுசோதனை நடத்தி இதை ஐயமற நிறுவிய பின், அம்முடிவுடன் எட்வினைச் சந்திப்பதே முறை.

16 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.15
பதிவு 10: மறுசோதனை

சிராஜுதீன் வர மறுத்துவிட்டார். “மொதல்ல அவன் வீட்டுப் படி ஏறுங்க. அப்புறம் நான் உங்க வீட்டுப் படி ஏறுறேன்,” என்றார். ஆகவே போர்வைக்குப் பின்னால் தையல்நாயகி அமர்ந்தாள். நான் மீட்டரை வைத்து நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஊசியை எப்படி இறக்குவது என்று ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தேன். இருபது ஆண்டுகளாக அந்தப் பிளேயரைத் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தவள், இன்று என்னைவிட மெதுவாக இறக்கினாள்.

“எனக்கு நாலும் ஒரே இடியாத்தான் கேக்குது,” என்றாள் போர்வைக்குள்ளிருந்து. “அதனால என் மேல சந்தேகப்பட முடியாது.”

“பேசக் கூடாது.”

“சரி, பேசல.”

கேட்டேன். சீட்டில் எழுதினேன். ‘ஈ’-க்கு முதலிடம். இடையில் மெல்ல மீட்டப்படும் கிதாரின் ஒவ்வொரு நரம்பும் அதில் தனித்தனியே கேட்டது; மற்ற மூன்றிலும் அந்த இடத்துக்கு நான் முன்னால் சாய வேண்டியிருந்தது. ‘அ’-க்கு இரண்டாமிடம், அதன் சிம்பல்கள் நன்று. ‘ஈ’ என் இசைத்தட்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

தையல்நாயகி தலையை வெளியே நீட்டினாள். “அ-ங்கிறது உங்க கருப்புத் தட்டு.”

“ஈ?”

அவள் சி.டி.யின் அட்டையை எடுத்து, எட்டப் பிடித்து ஆண்டைப் படித்தாள். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது.”

வரிசையை மாற்றிவிட்டாய் என்றேன். அவள் எழுந்து, சி.டி. பிளேயருக்குள் இன்னும் இருந்த தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதுவே. மறுபடி ஒருமுறை என்றேன். இம்முறை எழுத்துகளையும் வரிசையையும் மாற்றி ஓட்டினாள். நான் ‘ஆ’-வைத் தேர்ந்தேன், அதுவும் அதுவே.

“சின்னச் சத்தமெல்லாம் இதுலதான் உங்களுக்குத் தெளிவாக் கேக்குது போல,” என்றாள் போர்வையை மடித்துக்கொண்டே. “டிவி சத்தத்தையும் நாப்பதுலதானே வைக்கிறீங்க. பக்கத்து வீட்டம்மா அங்கேயே சேதி கேட்டுக்குறாங்க.”

இக்கருத்துக்கும் இச்சோதனைக்கும் தொடர்பில்லை.

ஆனால் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. முதல் சோதனையில் எட்வின் வரிசையை மாற்றவில்லை. ஊசி சரியாக இருந்திருந்தாலும் நான் அதையே தேர்ந்திருப்பேன். ஊசியால் என் தட்டு நான்காமிடத்துக்குப் போயிற்று என்பது உண்மை. முதலிடத்தை அது பறிக்கவில்லை. இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. எஞ்சியிருப்பது, எட்வின் இந்த ஒரு மாதமாகப் பாட்டில்லாமல் தண்டால் எடுக்கிறார் என்பது.

இந்த முடிவுடன் அவரைச் சந்திப்பதாகத்தான் எழுதியிருந்தேன். முடிவு வேறாகிவிட்டது என்பதற்காக அதை மாற்றிக்கொள்ள இயலாது.

17 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை, காலை 8.20
பதிவு 11: எட்வின் ஞானமுத்து அவர்களுக்கு இன்று நேரில் தரப்படும் கடிதத்தின் நகல்

அன்புள்ள எட்வின்,

2-2-2025 தேதியிட்ட நீக்க அறிவிப்பை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். அதில் கண்ட காரணங்கள் இரண்டும் தவறு. 19-1-2025 அன்று நீங்கள் நடத்திய சோதனை செல்லும். நேற்று இருமுறை நடந்த மறுசோதனையிலும் நான் 1999-க்கே முதலிடம் கொடுத்தேன் என்பதைச் சிராஜுதீனிடம் நீங்களே சொல்லலாம். அவர் சிரிக்கட்டும்.

ஊசி உங்களுடையது என்று கண்டுபிடித்தேன். அது சரி. தேய்ந்த ஊசியைத் தந்தீர்கள் என்று எழுதினேன். உங்களிடம் இருந்த ஒரே ஊசியைத் தந்தீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

தையல்நாயகி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்றைக்கே அவளுடன் பேசினேன். இதை நீங்கள் அறிந்துகொள்ள விரும்புவீர்கள் என்று தோன்றியது.

உங்கள் பிளேயரைக் கட்டிய பெட்டியைத் தயவுசெய்து பிரித்துவிடவும். மும்பையிலிருந்து நீங்கள் வரவழைத்த ஊசி உங்களுக்கே. எனக்கு இன்னொன்று வரும்வரை, நான் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்பேன்.

இப்படிக்கு,
இரா. மாசிலாமணி

இணைப்புகள்:

1. புதிய ஊசி, ஒன்று. தையல்நாயகியின் பயிற்சி நீங்கலாக, நான்கு முறை மட்டுமே ஓடியது.

2. மறுசோதனைச் சீட்டுகள், இரண்டு. என் கையெழுத்துடன்.

3. ‘ஒலியைக் கொன்றவர்கள்’ கட்டுரையின் மூலப்படி. முதல் பத்தியின் குறுக்கே கோடிட்டிருக்கிறேன். மற்ற பத்திகளைப் பற்றி நாம் பேசலாம்.

4. தையல்நாயகி கொடுத்தனுப்பிய அதிரசம், ஒரு டப்பா. எண்ணிக்கை சரிபார்க்கப்படவில்லை.

5. மேற்கண்டவற்றைக் கொண்டுவரும் ஆள், ஒருவர். நீங்கள் கதவைத் திறக்கும்வரை வாசலில் நிற்பார்.